நோய் வந்த வழியைக் கண்டறிதல்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

கோமாரி நோய் இன்னதென்று இங்கே அமர்ந்திருக்கும் எவருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காணை என்றும் அதனைச் சொல்வதுண்டு. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகும். நாவிலும் ஈறிலும் கொப்புளம் கண்டு உடையும். குளம்பின் இடுக்கில் புண் வைக்கும். மாடு தீனியைத் தொடாது தலை கவிழ்ந்து நிற்கும். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இளங்கன்றுகள் திடீரென்று விழுந்து இறப்பதுண்டு. பிழைத்த கறவை பழைய அளவுக்குப் பால் தராமற் போவதும், பிழைத்த எருது வெயிலில் மூச்சிரைத்து நின்றுவிடுவதும் நீங்கள் கண்கூடாகக் கண்டவை.

ஆனால், அனுபவம் மட்டும் விடை சொல்லாத கேள்வி ஒன்று உண்டு. நோய் எங்கிருந்து வந்தது என்பதே அது. சந்தையில் பிடித்து வந்த மாட்டோடு வந்தது என்பார் ஒருவர். வைக்கோல் வண்டியோடு வந்தது என்பார் மற்றொருவர். அக்கரை ஊர்க்காரன் ஆட்டுக் கிடை போட்டானே, அதனால்தான் என்பார் மூன்றாமவர். அக்கரை ஊருக்குச் சென்று கேட்டால் அவர்கள் நம் ஊரைக் காட்டுவார்கள். இப்படிப் பழிதான் ஊருக்கு ஊர் நகருமேயன்றி, நோய் வந்த வழி அடைபடாது. வழி அடைபடாதவரை அது மறுமுறையும் அவ்வழியே வரும்.

இக்கேள்விக்கு நோய்க் கிருமியையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விடை வாங்கும் முறை ஒன்று இன்று இருக்கிறது. மரபணு வரிசையைப் படித்தல் என்று அதனைச் சொல்லுகிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதும் வழக்கம் நம் நாட்டில் இருந்ததை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கோமாரி நோயை உண்டாக்கும் வைரஸ் கண்ணுக்குப் புலனாகாத மிகச் சிறிய பொருள். தன்னைப் போல் மற்றொன்றை எவ்வாறு உண்டாக்குவது என்ற குறிப்பை அது தனக்குள்ளேயே சுமந்து திரிகிறது. அக்குறிப்பு நான்கே நான்கு எழுத்துக்களால் ஆனது. அவை மாறி மாறி வரிசையாக நின்று, 8,000-க்குச் சற்று மேற்பட்ட எழுத்துக்களில் குறிப்பு முடிந்துவிடுகிறது. வைரஸ் ஒரு மாட்டின் உடலில் புகுந்ததும் இக்குறிப்பைக் கோடிக்கணக்கான படிகளாகப் பெயர்த்து எழுதுகிறது. எழுதும்போது பிழை நேருகிறது. ஓரிடத்தில் ஓரெழுத்து மாறிவிடுகிறது. அந்தப் பிழை வைரஸைக் கொன்றுவிடுமானால் அதோடு அது மறையும். கொல்லாதாயின், அப்பிழையோடு கூடிய படியே அடுத்த மாட்டுக்குச் செல்லும். அடுத்த பண்ணையில் அதன்மேல் இன்னும் ஓரிரு பிழைகள் சேரும்.

பழைய ஏடுகளை அச்சிட முற்பட்ட உ.வே. சாமிநாத ஐயர் அவர்கள் பல ஊர்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதை நாம் அறிவோம். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்குமானால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றோ, அல்லது இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்தோ எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தச் சுவடியில் அந்தப் பழைய பிழையோடு புதிய பிழைகளும் சேர்ந்திருக்கின்றனவோ, அது பின்னால் எழுதப்பட்டது. நிலப் பத்திரங்களில் தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் இவ்வழி புதிதன்று. வைரஸின் எழுத்துக்களைப் படிப்போர் செய்வதும் இதுவே. ஒவ்வொரு பண்ணையிலிருந்தும் கொப்புளத் தோலில் சிறிது எடுத்து, அதிலுள்ள வைரஸின் எழுத்துக்களை இயந்திரத்தால் முதலிலிருந்து கடைசிவரை படித்து, கணிப்பொறியில் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள்.

இதனால் உண்மையில் பயன் விளைந்ததா என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆங்கிலேயர் நாட்டில் 2007-ஆம் ஆண்டு நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

அந்நாட்டார் இந்நோய்க்கு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 2001 பிப்ரவரியில் அங்கே கோமாரி கண்டுபிடிக்கப்பட்டபோது, அதற்கு முன்னரே நோயுற்ற செம்மறி ஆடுகள் சந்தை சந்தையாக விற்கப்பட்டு நாடெங்கும் போய்ச் சேர்ந்திருந்தன. 2,000-க்கு மேற்பட்ட பண்ணைகளில் நோய் கண்டது. நோயுற்றவையும், நோயுற்றிருக்கலாம் என ஐயுற்றவையுமாக 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அங்கே நோய் கண்ட மந்தையை முழுவதும் அழித்துவிடுவதே சட்டம். நம் நாட்டு வழக்கம் அதுவன்று. அந்த வழக்கத்தை இங்கே எவரும் ஏற்கவும் மாட்டார்கள்.

ஆறாண்டுகள் கழித்து, 2007 ஆகஸ்டு 3-ஆம் நாள், தென் இங்கிலாந்தில் சரே மாவட்டத்தில், கில்ட்போர்டு என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை மாடுகளில் மீண்டும் கோமாரி உறுதியாயிற்று. நாடு முழுவதும் கால்நடைகளை இடம் பெயர்க்கக் கூடாதென அன்றே தடை போடப்பட்டது. வைரஸ் எந்த வகையைச் சேர்ந்தது என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். அது அப்போது உலகில் எந்த நாட்டு மாட்டிடமும் உலவிக்கொண்டிருந்த வைரஸ் அன்று. 1967-இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது எடுத்து, ஆய்வுக் கூடங்களில் குடுவைக்குள் காத்து வைக்கப்பட்டிருந்த வித்து! நாற்பதாண்டுகளுக்கு முன் பத்திரப்படுத்திய விதைநெல் திடீரென்று பக்கத்து வயலில் முளைத்து நின்றால் எப்படியிருக்கும்? காற்றில் வந்ததென்றோ வெளிநாட்டு இறைச்சியில் வந்ததென்றோ சொல்ல வழியில்லை. களஞ்சியத்தைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தக் களஞ்சியம் வெகு தொலைவில் இல்லை. நோய் கண்ட பண்ணையிலிருந்து சில கிலோமீட்டரில் பிர்பிரைட் என்ற சிற்றூர் இருக்கிறது. கோமாரி ஆராய்ச்சிக்குப் பேர்போன அரசு ஆதரவு பெற்ற நிலையமும், கோமாரித் தடுப்பூசி செய்யும் தனியார் தொழிற்சாலை ஒன்றும் அங்கே ஒரே வளாகத்துக்குள் இருந்தன. இரண்டிலுமே அந்த 1967-ஆம் ஆண்டு வித்து கையாளப்பட்டு வந்தது. பண்ணை மாட்டிடமிருந்து எடுத்த வைரஸின் எழுத்துக்களையும், வளாகத்திலிருந்த வித்தின் எழுத்துக்களையும் முழுமையாக ஒப்பிட்டார்கள். சில எழுத்துக்களே வேறுபட்டிருந்தன. மற்றவை அனைத்தும் ஒன்றே. இவ்வாறு படித்துச் சொன்ன விஞ்ஞானிகள் பிர்பிரைட் நிலையத்தைச் சேர்ந்தவர்களே. தம் வீட்டு வாசலைத் தாமே சுட்டிக் காட்ட நேர்ந்தது அவர்களுக்கு. அவர்கள் அதை மறைக்கவில்லை. யாவரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். எழுத்துக்களைப் படித்த திறமையைவிட இச்செயலையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

பிறகு நடந்த விசாரணையில், அவ்வளாகத்தின் கழிவுநீர்க் குழாய் பழுதுபட்டிருந்தது தெரிந்தது. இணைப்புக்கள் பிசகி, மர வேர்கள் உள்ளே புகுந்து, நீர் மண்ணில் கசிய இடமிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பெருமழை பெய்தது. வளாகத்தில் அப்போது கட்டட வேலையும் நடந்துகொண்டிருந்தது. அங்கே வந்துபோன வண்டிகளின் சக்கரங்களில் ஒட்டிய சேற்றோடு வைரஸ் வெளியே சென்று, பண்ணைகளின் பக்கமுள்ள சாலைகளை அடைந்திருக்கக்கூடும் என்று விசாரித்தவர்கள் கருதினார்கள். எத்துணையோ பூட்டுக்களும் காவலும் உள்ள இடத்தில், பழுது பார்க்காத ஒரு சாக்கடை போதுமானதாயிற்று. கிராமத்துக் குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலுள்ள நமக்கு இது வியப்பளிக்காது.

ஆனால் நாம் சொல்ல வந்தது இதன் பிற்பகுதியைத்தான். ஆகஸ்டில் இரண்டு பண்ணைகளில் நோய் கண்டது. மந்தைகள் அழிக்கப்பட்டன. சுற்று வட்டாரம் கண்காணிக்கப்பட்டது. ஒரு மாதம் புதிய நோய் ஏதும் தெரியவில்லை. செப்டம்பர் 8-ஆம் நாள், நோய் ஒழிந்ததென்று அந்நாட்டு அரசு அறிவித்தது. உழவர்கள் மூச்சு விட்டார்கள். நான்கே நாட்களில், செப்டம்பர் 12-ஆம் நாள், சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே எக்காம் என்னும் ஊரருகே மற்றொரு பண்ணையில் கோமாரி!

இப்போது இரண்டு ஐயங்கள் எழுந்தன. பிர்பிரைட் குழாயிலிருந்து வைரஸ் மறுபடியும் கசிந்து வந்ததா? அல்லது ஆகஸ்டில் வந்த நோயே எங்கோ மறைந்திருந்து இப்போது வெளிப்பட்டதா? மேற்போக்காகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். செய்ய வேண்டிய வேலையோ முற்றிலும் வேறு. முதலாவது உண்மையானால் குழாயைத் தோண்ட வேண்டும். இரண்டாவது உண்மையானால், நோயை ஒரு மாதம் அடைகாத்து வைத்திருந்த பண்ணை எங்கோ இருக்கிறது. அதைத் தேட வேண்டும். பிழையான ஐயத்தின் பின்னே ஓடினால் நாள் வீணாகும். நோயோ நாளை வீணாக்குவதில்லை.

எழுத்துக்கள் விடை சொல்லின. ஆகஸ்டுப் பண்ணையில் புதிதாக ஏற்பட்ட பிழைகள் செப்டம்பர் வைரஸிலும் அப்படியே காணப்பட்டன. எனவே அது களஞ்சியத்திலிருந்து புதிதாக வந்ததன்று. ஆகஸ்டு நோயின் வழித்தோன்றல். அதோடு, ஆகஸ்டு வைரஸில் இல்லாத பல புதிய பிழைகளும் அதில் சேர்ந்திருந்தன. ஒரு பண்ணையிலிருந்து நேரே அடுத்த பண்ணைக்குத் தாவியிருந்தால் அத்தனை பிழைகள் சேர இடமில்லை. ஆகவே இடையே எவரும் அறியாத பண்ணை ஒன்றேனும் இருந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கூறினார்கள். மாடுகளின் இரத்தத்தைச் சோதித்து வந்த கால்நடை மருத்துவர்கள் அத்தகைய பண்ணையையும் கண்டுபிடித்தார்கள். அங்கே மாடுகளின் வாயில் இருந்தவை புதுப் புண்கள் அல்ல, ஆறி வந்த பழம்புண்கள். நோய் அங்கே வந்து நாளாகியிருந்தது, எவரும் தெரிவிக்கவில்லை. ஆகஸ்டையும் செப்டம்பரையும் இணைத்த கண்ணி அதுவாக இருக்கலாம் என்பதே எழுத்துக்களும் புண்களும் சேர்ந்து காட்டிய முடிவு. செப்டம்பர் இறுதிக்குள் மொத்தம் எட்டுப் பண்ணைகளில் நோய் கண்டு, அதோடு நின்றது. 2001-இன் 2,000-ஐயும் 2007-இன் எட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இந்த வேறுபாட்டுக்கு எழுத்துக்களைப் படித்தது மட்டுமே காரணமன்று. முதல் நாளே போக்குவரத்தை நிறுத்தியதே பெருங் காரணம். ஆயினும் மறைந்திருந்த பண்ணையைத் தேடச் சொன்னது எழுத்துக்கள்.

அப்பண்ணைக்காரர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. புண் லேசாக இருந்து கண்ணில் படாமலே போயிருக்கவும் கூடும். இங்கேதான் இம்முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எழுத்துக்கள் வழியைக் காட்டும். யார் குற்றவாளி என்று காட்டமாட்டா. இரண்டு பண்ணைகளின் எழுத்துக்கள் முற்றிலும் ஒன்றாக இருந்தால், எது எதற்குக் கொடுத்தது என்பதை அவற்றைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. புண்ணின் வயதைக் கணிக்கும் மருத்துவரும், எந்த மாடு எந்நாள் எந்தச் சந்தைக்குப் போயிற்று என்ற கணக்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரி எடுக்கப்படாத மாட்டைப் பற்றி எழுத்துக்கள் ஊகந்தான் செய்ய முடியும். பத்து ஊர்களில் நோய் கண்டு, இரண்டு ஊர்களிலிருந்து மட்டும் மாதிரி சென்றால், கிடைப்பது கிழிந்த சுவடிதான்.

நம் நாட்டுக்கு வருவோம். கோமாரி வைரஸில் ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று வகைகளுக்கெதிராக இங்கே தடுப்பூசி போடப்படுகிறது. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு மற்றொரு வகையைத் தடுக்காது என்பதால்தான் மூன்றையும் ஒரே ஊசியில் சேர்த்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ் ஆறு மாதத்துக்கொருமுறை இலவசமாகப் போடப்படுவது இதுவே. மாட்டின் காதில் 12 எண்கள் கொண்ட வில்லை மாட்டப்படுவதும் இதற்காகவே. 'ஊசி போட்டும் நோய் வந்ததே' என்ற முறையீட்டை நாம் கேட்டிருக்கிறோம். ஊசி குளிர்ப்பதனத்தில் இல்லாமற் போனதாலும் அப்படி நேரலாம். ஆறு மாதம் கடந்துவிட்டதாலும் நேரலாம். களத்தில் உலவும் வைரஸ் ஊசியிலுள்ள வித்திலிருந்து மிகவும் மாறிப் போனதாலும் நேரலாம். மூன்றாவதை அறிய மாட்டின் வாயைப் பார்த்தால் போதாது. எழுத்துக்களைப் படித்தாக வேண்டும். புவனேஸ்வரத்திலுள்ள மத்திய கோமாரி ஆராய்ச்சி நிலையம் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாதிரிகளைப் பெற்று இப்பணியைச் செய்துவருகிறது. மனிதர் நோய்க்கும் முறை இதுவே. கொரோனாக் காலத்தில், 2021 செப்டம்பரில், வைரஸின் எழுத்துக்களைப் படிக்கும் கூடம் ஒன்று நம் மாநில அரசாலேயே சென்னையில் திறக்கப்பட்டது.

ஆகவே இயந்திரம் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இல்லாமற் போவது மாதிரிதான். ஏன் இல்லாமற் போகிறது என்பதை நாம் ஒளிவு மறைவின்றிப் பேசலாம். கோமாரி என்று வெளியே தெரிந்தால் சங்கத்தில் பால் எடுக்கமாட்டார்களோ என்ற அச்சம் ஒன்று. மாட்டின் விலை இறங்கிவிடும் என்பது மற்றொன்று. ஆகவே வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவி, வாழைப்பழத்தில் மருந்தை வைத்துக் கொடுத்து, பத்து நாள் கொட்டகைக்குள் கட்டி வைத்தால் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்று எண்ணுகிறோம். வேப்பிலையையும் மஞ்சளையும் நாம் குறை சொல்லவில்லை. புண்ணுக்கு அவை இதமே. ஆனால் அந்தப் பத்து நாட்களில் பால்காரர் நான்கு கொட்டகைகளுக்குப் போய்வருகிறார். பொதுக் குட்டையில் மாடு தண்ணீர் குடிக்கிறது. இன்னும் சிலர், நோய் முற்றுமுன் விற்றுவிடுவோமென்று மாட்டை அடுத்த சந்தைக்கே ஓட்டிச் செல்கிறார்கள். வாங்குபவரும் நம்மைப் போன்ற ஓர் உழவரே. ஒரு கறவையை நம்பிக் குடும்பம் நடத்தும் விதவைத் தாயாகவும் அவர் இருக்கலாம்.

இவ்விஷயத்தில் பஞ்சாயத்துக்குச் சட்டமே ஓரிடம் கொடுத்திருக்கிறது. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டது. அட்டவணையில் கண்ட நோய் தம் கால்நடைக்கு வந்திருப்பதாக ஐயுறும் உரிமையாளர், கிராம அலுவலரிடமோ கிராமப் பஞ்சாயத்துப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்க வேண்டும். அவர் அதனை எழுத்து மூலம் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு அனுப்பலாம். கோமாரி அந்த அட்டவணையில் இருக்கிறது. நோயுற்ற மாட்டைத் தனியே கட்டவும், பொது மேய்ச்சலுக்கும் பொது நீர்நிலைக்கும் விடாதிருக்கவும் அச்சட்டம் உரிமையாளரைப் பணிக்கிறது. அவ்வாறாயின், உழவர் முதலில் வந்து நிற்கும் வாசல் பஞ்சாயத்து வாசலே. அந்த வாசலில் அவருக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்தவர் வருவதும் வராததும் இருக்கும். 'நீதான் ஊருக்கு நோயைக் கொண்டுவந்தாய்' என்று கூட்டத்தில் ஒருவரை ஏசினால், அடுத்த பத்துப் பேர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

மாதிரி எடுப்பது பற்றிச் சில குறிப்புக்கள். கொப்புளம் உடையாதிருக்கும்போதோ, உடைந்த ஓரிரு நாளிலோ எடுப்பதே நல்லது. நாளாக ஆக அதில் வைரஸ் குறைந்துவிடும். ஆகவே மருத்துவர் வருமுன் புண்ணை உப்பு வைத்துத் தேய்த்துக் கழுவி விடாதீர்கள். நாவிலிருந்து தொங்கும் தோலில் சிறு துண்டு போதும். மாட்டுக்குப் புதிதாகக் காயம் ஏதும் உண்டாக்குவதில்லை. அதை உரிய திரவத்தில் இட்டுப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவார்கள். கூடவே மாட்டின் காது வில்லை எண், கடைசியாக ஊசி போட்ட நாள், கடந்த இரண்டு வாரத்தில் அந்தக் கொட்டகைக்கு வந்த மாடு எது, அங்கிருந்து போன மாடு எது என்பவற்றையும் எழுதித் தர வேண்டும். இரண்டு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு: வைரஸ் உடலில் புகுந்தபின் நோய் வெளிப்பட இரண்டு நாள் முதல் பதினான்கு நாள் வரை ஆகலாம். இந்தக் குறிப்பேட்டைப் பஞ்சாயத்து அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும்.

எட்டு நாட்களுக்கு முன் காலில் புண் வந்த மாட்டுக்கு இப்போது மாதிரி எடுக்கலாமா என்று முன் வரிசையிலிருந்து ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தோல் மாதிரி பயன்படுமா என்பதை மருத்துவர் புண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரத்தத்தை எடுத்து, நோய் வந்ததா என்பதையேனும் அறியலாம். கால்நடை மருத்துவர் நம்மோடு மேடையிலேயே இருக்கிறார். மற்ற ஐயங்களையும் அவரிடமே கேளுங்கள்.